புதுக்கோட்டைச் சீமையில் நடக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: "நாங்கள் கணவன் மனைவி இருவர், ஐம்பதை ஒட்டிய வயது. ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம். செங்குத்தான மலையேற்றத்துக்கு முழங்கால் ஒத்துழைக்காது. நீர்நிலை, கொஞ்சம் காடு, பழைய கோயில், கல்வெட்டு என்று பார்த்துக்கொண்டே இரண்டு மூன்று நாள் நிதானமாக நடக்க எந்தப் பக்கம் போகலாம்?"

புதுக்கோட்டைக்குப் போங்கள். நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர் என்று நான்கு ஊர்கள். நீங்கள் கேட்டதெல்லாம் அங்கே இருக்கிறது, கூட்டம் மட்டும் இல்லை.

திருச்சியிலிருந்து பேருந்தில் வரும்போது ஜன்னல் வழியே பார்த்தால் இதை நம்ப மாட்டீர்கள். சீமைக்கருவேலம், செம்மண், தைலமரம், அங்கங்கே மொட்டைப் பாறை. "இதற்குத்தானா வந்தோம்" என்று தோன்றும். சாலையை விட்டு இறங்கி ஒரு குளத்தங்கரையில் ஏறிய பிறகுதான் இந்த நிலத்தின் கணக்கு பிடிபடும். எனவே எந்தச் சின்னத்தை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மழைநீர் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியைப் பிடித்துப் போங்கள். சின்னங்கள் அந்த வழியிலேயே வரிசையாக நிற்கின்றன.

காரணம் எளியது. இந்தப் பக்கத்துக்கு வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். மொட்டைப் பாறையில் விழுகிற மழையைப் பாறை உறிஞ்சாது, அப்படியே வழியவிடும். வழியும் நீரில் ஒரு பங்கு பாறைக் குழிகளில் சுனையாகத் தங்கும். மிச்சம் அடிவாரக் குளத்துக்கு வரும். குளம் நிறைந்தால் கலிங்கு என்கிற கல் வழிந்தோடி வழியாக உபரிநீர் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மாவட்டம் முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட குளம், கண்மாய், ஏந்தல் இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. சமண முனிவர் சுனை இருந்த குன்றில் படுக்கை வெட்டிக்கொண்டார். அரையர்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் அதே குன்றில் பாறையைக் குடைந்து குடைவரைக் கோயில் எடுத்தார்கள். ஊர் குளத்தைப் பார்த்து உட்கார்ந்தது. ஆகவே நீரின் வழியும் வரலாற்றின் வழியும் இங்கே பெரும்பாலும் ஒன்றுதான்.

முதல் நாளை நார்த்தாமலைக்குக் கொடுங்கள். திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே பிரிகிறது. அந்தப் பெயரில் ரயில் நிலையமும் உண்டு, ஆனால் பேருந்துதான் வசதி. ஒன்பது குன்றுகள் சேர்ந்ததைத்தான் நார்த்தாமலை என்கிறார்கள். அனுமார் தூக்கிப் போன சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரில் சொல்வார்கள். மூலிகை தேடி வருகிறவர்கள் இன்றும் உண்டு. ஒன்பதிலும் ஏற வேண்டியதில்லை. மேலமலை ஒன்று போதும். படிக்கட்டு கிடையாது, சரிந்த பாறையில் நடந்தே ஏறலாம். கைப்பிடி தேவைப்படும் செங்குத்து இல்லை. ஆனால் மழை விட்ட மறுநாள் பாசி படிந்த பாறை வழுக்கும். நீர் வழிந்த கறுப்புத் தடத்தில் கால் வைக்காமல் வெளுத்த பாறையில் வைத்து ஏறுங்கள்.

ஏறும் வழியில் ஒரு சுனை வரும். தலையருவிச் சிங்கம் என்று பெயர். பார்த்தால் பாறைக்குள் தேங்கிய பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். அந்தத் தண்ணீருக்கு அடியில் பாறையைக் குடைந்து வைத்த லிங்கம் இருக்கிறது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர் காலத்தில் அரண்மனை அரசியார் நீரை இறைக்கச் சொல்லி உள்ளே வழிபட்டதை அருகில் இருக்கும் கல்வெட்டு சொல்கிறது. மற்ற நாட்களில் சாமி தண்ணீருக்குள்தான். சுனையில் இறங்கிக் குளிக்காதீர்கள். ஆழம் வெளியே தெரியாது, ஏறிவரப் பிடிமானமும் கிடையாது.

மேலே போனால் விசயாலய சோழீச்சரம். பாறைத் தளத்தின் மேல் மேற்குப் பார்த்த சிவன் கோயில், சுற்றிலும் சிறு கோயில்கள். அவற்றில் ஆறு நன்றாகவே நிற்கின்றன. கருவறையை நிதானமாகப் பாருங்கள். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். பெயரில் சோழன் இருக்கிறானே தவிர, எடுப்பித்தவர் முத்தரையர் மரபைச் சேர்ந்த சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர். வாசலில் துவாரபாலகர் காலடியில் இருக்கும் கல்வெட்டு இதைச் சொல்வதோடு நிற்கவில்லை. கோயில் மழையில் இடிந்து போனதையும், பிறகு மல்லன் விதுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. படையெடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள் என்று எத்தனையோ கல்வெட்டு படித்திருப்பீர்கள். மழை இடித்தது என்று பொறித்து வைத்த கல்வெட்டு எனக்கு அதையெல்லாம்விடப் பிடித்தது. அந்த வெட்டவெளிப் பாறையில் ஐப்பசி மாதம் பத்து நிமிடம் நின்றால் அது எப்பேர்ப்பட்ட மழையாக இருந்திருக்கும் என்று புரியும்.

கோயிலுக்கு எதிரே பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள். தெற்கில் இருப்பது சிறியது, பழியிலீச்சரம். பல்லவன் நிருபதுங்கனின் 7-ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி குடைந்தது. முன்மண்டபமும் நந்தியும் அவர் மகள் பழியிலி சிறிய நங்கை செய்தவை. அப்பா குடைந்ததற்கு மகள் முகப்பு கட்டியிருக்கிறாள். வடக்கில் இருப்பது பெரியது, ஊரார் அதைச் சொல்வது சமணர் குடகு என்று. பெயர் சமணருடையது, உள்ளே போனால் பன்னிரண்டு விஷ்ணு சிலைகள், ஆளுயரம், ஏறக்குறைய ஒரே சாயல், சுவரை ஒட்டி வரிசையாக. சமணர் இருந்த இடம் பிறகு திருமாலுக்கு ஆனது என்பதுதான் பொதுவான கருத்து. வெளிச்சம் கிழக்கிலிருந்து நேராக உள்ளே விழுகிற காலை நேரம்தான் இதற்குச் சரி. மதியம் வந்தால் வெறும் இருட்டு. முன்னால் மேடையின் அடிவரிசையில் யானையும் சிங்கமும் யாளியுமாக ஓடும் சிற்ப வரிசையைத் தாண்டிப் போய்விடாதீர்கள், பலரும் கால் வைத்து ஏறிவிடுகிறார்கள்.

இறங்கி, நேரம் இருந்தால் கடம்பர் மலை அடிவாரத்தில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போகலாம். அங்கே பாறை முகத்தில் பெரிய பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. இந்த ஊர் ஒரு காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் முக்கியமான இடம். இன்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஊரின் பெருமை முத்துமாரியம்மன்தான். பங்குனியில் அம்மன் திருவிழா, அப்போது மாவட்டமே அங்கே நிற்கும். அமைதி வேண்டும் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள், ஜனத்தைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த வாரமே போங்கள்.

காட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேர்மையாகச் சொல்வதென்றால், இங்கே மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். காடு என்று சிலர் கைகாட்டுவது வரிசையாக நட்ட தைலமரத் தோட்டமாக இருக்கும். அதற்குள் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒரு குருவிச் சத்தம் கேட்காது. எனக்கு அதைக் காடு என்று சொல்ல மனம் வராது. உண்மையான காடு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, குன்றுகளைச் சுற்றிய முட்புதர்க் காடு. காரை, சூரை, கிளுவை, விடத்தலை, ஆவாரை, கள்ளி. இடுப்பளவு, தலையளவு உயரம்தான், ஆனால் மயிலும் கௌதாரியும் பனங்காடையும் நிறைந்தது. நார்த்தாமலையில் ஒரு பகுதி காப்புக்காடு, வனத்துறையைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. இரண்டாவது, ஐயனார் கோயில் காடு. வீரை, உலக்கைப்பாலை, உசிலை என்று ஒரு ஏக்கரோ பத்து ஏக்கரோ, ஒருவரும் கிளை ஒடிக்காமல் காத்து வந்த மரங்கள். வாசலில் புரவியெடுப்புக்கு, அதாவது ஐயனாருக்குக் குதிரை செய்து வைக்கும் நேர்த்திக்கு, செய்த மண்குதிரைகள், பழையவை காலொடிந்து காதொடிந்து கிடக்கும், புதியவை சுண்ணாம்பு பளிச்சென்று நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். சில காடுகளுக்குள் பெண்கள் போகும் வழக்கமில்லை, முதலில் ஊரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாம் நாள் சித்தன்னவாசலில் ஆரம்பித்து அன்னவாசல் வழியாகக் குடுமியான்மலைக்கு நடங்கள். நிதானமாக நடந்தால் ஒரு நாளுக்குச் சரியாக இருக்கும். சித்தன்னவாசலுக்கு வெயில் ஏறும் முன்பே வந்துவிடுங்கள். குன்று வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குச் சரிவில் பாறையில் வெட்டிய ஏழு காற்குழிகள் வழியாகப் போகும் இடத்துக்கு ஏழடிப்பாட்டம் என்று பெயர். இப்போது இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறது, உங்கள் முழங்காலுக்குப் பயமில்லை. ஒரு பக்கம் குன்றின் முகம், ஒரு பக்கம் கீழே திறந்த வெளி, நடுவே ஆள் குனிந்து போகிற இயற்கைக் குகை. உள்ளே 17 கற்படுக்கைகள். கையால் தடவிப் பாருங்கள். தலை வைக்கும் இடம் சற்றே மேடாக விடப்பட்டு, மற்றதெல்லாம் இழைத்து வழவழவென்று இருக்கும். பெரிய படுக்கையின் ஓரத்தில் தமிழ் பிராமி எழுத்து, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது. மற்றவற்றில் தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன் என்று பிற்காலத் துறவிகளின் பெயர்கள். கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு இடைவெளியில் அதே படுக்கைக்கு ஆள் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அருகிலேயே சரிவில் நாவச்சுனை. அந்தச் சுனை இல்லை என்றால் இந்தப் படுக்கைக்கு வேலையில்லை.

மேற்குச் சரிவில் அறிவர் கோயில். இங்குதான் ஓவியம். மண்டப விதானத்தில் தாமரைத் தடாகம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர். 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுக்கியதாகக் கல்வெட்டு சொல்கிறது. சமண நூல் வழியில் இது தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணம் என்ற தெய்வீக மண்டபத்தில் வரும் காதிகாபூமி, அதாவது தடாகப் பகுதி, என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த எருமையை வரைந்தவன் எந்த நூலையும் பார்த்து வரையவில்லை. தை மாதம் இந்தப் பக்கத்தில் எந்தக் குளத்தின் உள்வாயை, அதாவது கரைக்கு உட்புறம் நீர் நிற்கும் பக்கத்தை, பார்த்தாலும் அந்த எருமை கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். நிறம் நன்றாக மங்கிவிட்டது. உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பிவிடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகும் வரை உட்காருங்கள், பச்சையும் சிவப்பும் மெல்ல மேலெழும். கருவறைக்குள் ஒருவர் மட்டும் நின்று வாயை மூடி மெதுவாக முனகிப் பார்க்கலாம், அறை முழுவதும் அதிரும்.

குன்றை விட்டு இறங்கும்போது சாலையோரத்துப் புதர்களுக்குள் வட்டமாக அடுக்கிய கற்கள் தெரியும். பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். படுக்கை வெட்டியவர்களுக்கும் முன்னால் இங்கே இருந்தவர்களுடையவை.

அங்கிருந்து அன்னவாசல் பக்கம் நடக்கும்போதுதான் குளத்தங்கரைகள் உங்களுக்கு உதவும். தார்ச்சாலையில் நடப்பது தண்டனை. கரை மேல் பெரும்பாலும் நடைபாதை இருக்கும், பனையும் புளியும் நிழல் தரும். கைபேசி வரைபடத்தில் இந்தப் பாதைகள் முக்கால்வாசி இருக்காது. ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். "ஆத்தா, இந்தக் கரையோட போனா அன்னவாசல் ரோடு ஏறலாமா?" என்று கேட்டால், "போகலாம் தம்பி, கலிங்குல தண்ணி போகுது, மேலாக்க சுத்திப் போங்க" என்பது மாதிரி, எந்த வரைபடமும் சொல்லாத தகவல் கிடைக்கும். கலிங்கில் மறுகால் போகும்போது அதன் மேல் குறுக்கே நடக்க முயலாதீர்கள். கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்கினால் பாசி இழுத்துவிடும்.

கரையில் போகும்போது உள்வாய்ப் பக்கம், கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கிறதா என்று பாருங்கள். மேலே குறுக்குக்கல், வாசற்படிநிலை போல இருக்கும். கோயிலின் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது குமிழி. தூண்களுக்கு நேர் கீழே நீருக்கடியில் துளையுள்ள கற்பெட்டி. பாசனத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் ஒருவர் நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, துளையின் அடைப்பைத் திறப்பார். நீர் கரைக்கு அடியில் கிடக்கும் கல் மதகு வழியாக வயலுக்குப் போகும். பெட்டிக்குள் சேறும் வெளியேற வழி வைத்திருப்பதால் மண் மேவாது. சில தூண்களில், குமிழியைச் செய்து வைத்தவர் பெயரும் எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்பதும் எழுதியிருக்கும். கோடையில் குளம் வற்றினால் பக்கத்தில் போய்ப் படிக்கலாம். ஓவியத்துக்குக் கட்டணச்சீட்டும் காவலரும் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு வேலை செய்த இந்தத் தூண்களுக்கு ஒருவரும் இல்லை, சிலவற்றைத் துணி துவைக்கும் கல்லாகக் கரையில் போட்டிருக்கிறார்கள்.

குடுமியான்மலையில் சாயங்காலம் வந்து சேர்வது நல்லது. சிகாநாதசுவாமி கோயில் பெரிய கோயில். முன்மண்டபத் தூண்களில் நாயக்கர் காலச் சிலைகள், ஆளுயரத்துக்கும் மேல். அர்ச்சகர் சாமிக்கு வைத்த பூவைத் தன் காதலிக்குக் கொடுத்தார், பிரசாதத்தில் மன்னன் முடியைக் கண்டான், அர்ச்சகரைக் காப்பாற்ற லிங்கமே குடுமி வளர்த்துக்கொண்டது என்பது கதை. சாமிக்கே மனிதர் மேல் இவ்வளவு இரக்கம் இருக்கும் தலபுராணங்கள் குறைவு. பின்னால் பாறையில் மேலைக்கோயில் என்ற குடைவரை. அதன் பக்கச் சரிவில்தான் இசைக் கல்வெட்டு. 1904-இல் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டம் கட்டியது மாதிரி எழுதியிருக்கிறார்கள். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் இருக்கிறது. அரசனின் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்பதில்லை. கீழே தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." கிரந்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் எழுந்து நிற்கும், வரிசையைக் கண்ணால் பின்தொடரலாம்.

மூன்றாம் நாள் இருந்தால் கொடும்பாளூர். குடுமியான்மலையிலிருந்து நடக்க வேண்டாம், தூரம். விராலிமலைப் பக்கம் போகும் பேருந்தைப் பிடியுங்கள். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி தனக்கும் இரண்டு மனைவியருக்குமாக எடுத்த மூவர் கோயிலில் இரண்டு விமானம் நிற்கிறது, மூன்றாவதன் அடித்தளம் மட்டும். கோயிலைப் பார்த்துவிட்டுக் குளத்தங்கரைக்கும் போய் வாருங்கள். சிலப்பதிகாரத்தில் உறையூரைத் தாண்டி மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மறையோன் சொல்லும் முதல் பெரிய அடையாளம் கொடும்பை நெடுங்குளத்தின் கரைதான். அங்கிருந்து சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் வழிகளை ஒவ்வொன்றாக விவரிப்பான். குளத்தை வைத்து வழி சொல்கிற பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. ஆடு மேய்க்கும் ஆத்தா சொன்னதும் அதே முறைதான்.

எப்போது போவது? மார்கழி நடுவிலிருந்து மாசி வரை. குளம் நிறைந்திருக்கும், நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், பாறை சுடாது. தைப்பொங்கலை ஒட்டி ஜல்லிக்கட்டு தொடங்கிவிடும், இந்த மாவட்டத்தில் வாடிவாசல்கள் அதிகம். அந்த நாளில் அந்த ஊர் வழியாக அமைதியாக நடந்து போவதெல்லாம் நடக்காது. பங்குனிக்குப் பிறகு பத்து மணிக்கு மேல் பாறையில் நிற்க முடியாது. ஆனால் கோடைக்கென்று ஒன்று உண்டு. தண்ணீர் வற்றும்போது ஊர்களில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். விடியற்காலையில் சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வலையும் ஊத்தா என்ற மீன்கூடையுமாகக் கரையில் காத்து நிற்க, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். கெண்டை, விரால், கெளுத்தி, யாருக்கு என்ன கிடைக்கிறதோ அது. அப்படி ஒரு நாள் வாய்த்தால் நடையை ஒத்திவைத்துவிட்டுக் கரையில் உட்காருங்கள்.

மற்ற குளங்களில் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும், தூண்டில் போடாதீர்கள், சண்டை வரும். குகை விளிம்புகளில் மலைத்தேனீ கட்டியிருந்தால் சத்தம் போடாமல், புகை பிடிக்காமல், வாசனைத் தைலம் பூசாமல் ஒதுங்கிப் போங்கள். இந்தப் பக்கத்தில் பாம்பைவிட எனக்கு அதுதான் பயம். விரியன் உண்டு என்பதால் புதருக்குள் செருப்புக்குப் பதில் மூடிய காலணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சுனைநீரைக் குடிக்க வேண்டாம். தெருநாய்க்கு ஒரு கைத்தடி போதும், ஓங்க வேண்டியதில்லை, கையில் இருந்தாலே போதும்.

தங்குவதற்குப் புதுக்கோட்டை நகரம்தான், ஊர்களுக்குள் விடுதி எதிர்பார்க்காதீர்கள். காலையில் போய் மாலையில் திரும்பப் பேருந்து கிடைக்கும், ஆனால் கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே நடத்துநரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நார்த்தாமலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலமலையில் காலையைக் கழித்துவிட்டு, மதிய வெயிலில் புதுக்கோட்டை நகரிலேயே இருக்கும் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குள் புகுந்துவிடுங்கள்.